இருபதாவது ஆட்டம்

கேவின் ஆர்மராடின் காலில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப் வாரா வாரம், அவனுக்குத் தொடைத்தசை கிழிந்திருக்கிறது என்று அறிக்கை விட்டது. சுத்தப் பொய். அவன் தினமும் ஓடினான். அவன் உடுப்பிலிருந்து சேற்றைத் தினமும் அலசியவள் நான்.

ஹார்ல்ஷா டவுன் கிளப்பில் இருபத்திரண்டு வருடம் உடுப்புப் பொறுப்பு என்னுடையது. ஜெர்சி, ஷார்ட்ஸ், காலுறை, துவாலை எல்லாம் என் கையால்தான் போய் வரும். ஆட்ட நாளில் மேனேஜர் எழுதித் தரும் பட்டியலைப் பார்த்து, உடை மாற்றும் அறையில் ஒவ்வொரு கொக்கியிலும் அவரவர் ஜெர்சியை மாட்டுவேன். நோரீன் டாட்டர்சால் என்று பெயர் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கிளப்பில் துணி துவைக்கிற பொம்பளை என்றால் எல்லோருக்கும் தெரியும்.

கேவின் பதினாறு வயதில் எங்களிடம் வந்தான். நடுக்கள ஆட்டக்காரன். கோல் போடுகிறவனைத்தான் ஊர் தோளில் தூக்கும். கேவின் பதினேழு வருடத்தில் போட்டது மொத்தம் இருபத்தேழு கோல். அவன் வேலை வேறு. எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவான், தன்னைவிடக் கெட்டிக்காரனாகப் பார்த்து ஒருவனிடம் கொடுப்பான், கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவான். டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் பல பேருக்கு அது கண்ணிலேயே படாது. அவன் இல்லாத நாளில்தான் படும்.

இருபத்துநான்கு வயதில் மேல் டிவிஷனிலிருந்து ஒரு பெரிய கிளப் அவனைக் கேட்டது. கையெழுத்துப் போடப் பத்து நாள் இருக்கும்போது, ஒன்றுக்கும் உதவாத ஒரு நட்பு ஆட்டத்தில் முழங்கால் திருகிக்கொண்டது. பதினோரு மாதம் படுக்கையும் ஊன்றுகோலும். பெரிய கிளப் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. கேவின் திரும்பி வந்து எங்களுக்கே ஆடினான். கேப்டன் ஆனான். நான்காம் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷன் வரை எங்களை இழுத்துக்கொண்டு போனான். அப்புறம் நாங்கள் மூன்றுக்கு இறங்கியபோது, போகிறவர்கள் எல்லாம் போக, அவன் மட்டும் கூடவே இறங்கினான்.

முப்பத்துமூன்று வயதில் அவனுக்கு ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி. அந்த சீசனில் இருபது ஆட்டங்களில் முதல் பதினொருவரில் ஒருவனாக இறங்கினால் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருடம் நீளும். பாதியில் மாற்று ஆளாகப் போவது அதில் சேராது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் அவன் பத்தொன்பது ஆடி முடித்திருந்தான்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் புது மேனேஜர் வந்திருந்தார். ஜூலியன் ப்ரௌஸ், தெற்கத்தி ஆள். யார் எதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பார், அப்புறம்தான் பதில் சொல்வார்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டாம் நம்பர் ஜெர்சியை நான் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து நின்றார்.

"அது வேண்டாம் நோரீன். கேவின் இன்னிக்கு இல்ல."

"ஏன் பாஸ்? என்னாச்சு?"

"தொடையில பிடிச்சுக்கிச்சு."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடிட்டுத்தானே இருந்தான்? அவன் ஷார்ட்ஸ இப்பதான் காயப்போட்டேன்."

அவர் சிரித்தார். "நீங்க ஷார்ட்ஸப் பாத்துக்கோங்க. தொடைய நான் பாத்துக்கறேன்."

பக்கத்தில் நின்ற உதவிப் பயிற்சியாளர் தரையைப் பார்த்தார். நான் ஜெர்சியைக் கழற்றி மடித்தேன்.  ஆத்திரமாக வந்தது.

திங்கட்கிழமை கேவினின் பொருட்களை உடை மாற்றும் அறையிலிருந்து எடுத்து, மைதானத்துக்குப் பின்னால் கூம்புகளும் வலைகளும் போட்டு வைக்கிற கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். மற்றவர்கள் பயிற்சி முடித்து, சாப்பிட்டு, வீட்டுக்குப் போனபிறகு மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் வர வேண்டும். தனியாக ஓட வேண்டும். ஒரு பயிற்சியாளர் விசிலோடு நின்று நேரம் பார்ப்பார். பந்து கிடையாது. பதினேழு வருடம் அந்த ஊருக்காகப் பந்தைப் பிடுங்கிக் கொடுத்தவனுக்குத் தொட ஒரு பந்து இல்லை. அவனாகவே வெறுத்துப்போய், ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகட்டும் என்பதுதான் திட்டம்.

அவன் போகவில்லை. மழை, ஆலங்கட்டி, எதுவானாலும் சரியாக இரண்டு மணிக்கு வந்தான். மூன்றரைக்கு என் அறைக்கு வந்து, கழுத்து வரை சேறான உடுப்பைக் கூடையில் போடுவான். நான் டீ கொடுப்பேன். பேச மாட்டான். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"வெளிய சொல்லேன்டா. பேப்பர்காரன்கிட்ட சொல்லு. ஏன் வாய மூடிட்டு இருக்க?"

"ஒப்பந்தத்துல பேசக்கூடாதுன்னு இருக்கு. பேசினா அதையே சாக்கா வச்சு வெளிய தள்ளிடுவானுங்க."

"அப்பாகிட்டயாவது சொன்னியா?"

அவன் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கால் சரியில்லன்னு சொல்லியிருக்கேன்."

அவன் அப்பா டெரெக் ஆர்மராட் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடமாக மைதானத்தின் கிழக்கு ஸ்டாண்டில், பார்வையாளர் வரிசையில், ஒரே இருக்கை. மகன் ஆடினாலும் ஆடாவிட்டாலும் வருவார். காதில் சின்ன ரேடியோவைச் செருகிக்கொண்டு, கண்ணெதிரே நடக்கிற ஆட்டத்தின் வர்ணனையையும் கேட்டுக்கொண்டிருப்பார். வர்ணனையாளர் தப்பாகச் சொன்னால் ரேடியோவைத் திட்டுவார்.

ஊர் பேச ஆரம்பித்தது. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பொரித்த மீனும் சிப்ஸும் விற்கிற கடை வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் ஹார்கிரீவ்ஸ். பார்சல் வேன் ஓட்டுகிறவன், ஸ்டாண்டில் டெரெக்குக்குப் பின்னிருக்கைக்காரன், குரல் மட்டும் ஊர் முழுக்கக் கேட்கும்.

"தொடையாம் தொடை! சம்பளம் வருது, சோபா இருக்கு, அப்புறம் எதுக்கு எழுந்திரிப்பான்? நான் ஒரு நாள் முதுகுவலின்னு படுத்தா என் முதலாளி விடுவானா?"

கடைக்காரர் சிப்ஸ் மேல் வினிகரை ஊற்றிக்கொண்டே சொன்னார், "வயசாயிடுச்சுப்பா அவனுக்கு."

"வயசாச்சுன்னா கௌரவமா போ! இங்க படுத்துக்கிட்டு உறிஞ்சாத!"

நான் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அன்று வீட்டில் ரொட்டியும் சீஸும்தான். ஹார்கிரீவ்ஸ் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது. எனக்கு உண்மை தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும். அதனால் நானும் மூடிக்கொண்டுதானே இருந்தேன்?

மார்ச் மாதம் ரசிகர் கூட்டம் வைத்தார்கள். பெரிய ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிற ஹாலில், சாயங்காலம் ஆறு மணிக்கு. இருநூறு பேர் இருக்கும். மேடையில் சேர்மன் லோமாக்ஸும் ப்ரௌஸும். அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கும் நிலையில் இருந்தது, ஜனங்கள் கொதித்துப்போயிருந்தார்கள். என் சலவை அறை அந்த ஹாலுக்கு அடுத்த கதவு. இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு நானும் கதவோரம் போய் நின்றேன்.

ஒருவர் கேட்டார்: "ஆர்மராட் எப்ப வருவான்? நடுவுல ஆளே இல்லாம ஆடிட்டிருக்கோம்."

ப்ரௌஸ் முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டார். "எங்க எல்லாருக்குமே மனசு கஷ்டமா இருக்கு. ஆனா உடம்பு ஒத்துழைக்கலன்னா என்ன பண்றது? அவசரப்படுத்த முடியாதுல்ல."

"போன வாரம் சூப்பர் மார்க்கெட்ல ரெண்டு கையிலயும் பையத் தூக்கிட்டு ஜம்முனு நடந்தானே!" ஹார்கிரீவ்ஸின் குரல். ஹால் முழுக்கச் சிரிப்பு.

மூன்றாவது வரிசையில் டெரெக் எழுந்து நின்றார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"என் பையன் ஏமாத்துக்காரன் இல்ல," என்றார்.  "சின்ன வயசுலேருந்து அவன் ஒரு நாள் பொய் சொன்னதில்ல. கால் வலிக்குதுன்னு அவனே என்கிட்ட சொன்னான். வலிச்சாத்தான் சொல்லுவான். உங்கள்ல எவனுக்காவது சந்தேகம்னா என் வீட்டுக்கு வாங்க, வாசல்ல வச்சுப் பேசிக்கலாம்."

ப்ரௌஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "பாத்தீங்களா, அவங்க அப்பாவே சொல்றார். ரொம்ப நன்றி சார்."

அவ்வளவுதான். எனக்குள் என்னவோ அறுந்தது. அந்த மனுஷனின் பாசத்தையே எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக்கொடுத்துவிட்டு, நன்றி வேறு சொல்கிறான்! நான் அறைக்குப் போனேன். அன்று மத்தியானம் கேவின் போட்ட உடுப்பு இன்னும் கூடையில் கிடந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு நடுவழியே நடந்துபோய், மேடை மேஜையில் அவர்கள் தண்ணீர்க் கோப்பைகளுக்கு நடுவே கவிழ்த்தேன். ஈரச் சேறு ப்ரௌஸின் சட்டைக் கைவரை தெறித்தது.

"இது இன்னிக்கு ரெண்டு மணிக்குப் போட்டது," என்றேன். "நேத்து ஒண்ணு தொவச்சேன். முந்தாநாள் ஒண்ணு தொவச்சேன். பத்து வாரமா தொவைக்கறேன். தொட கிழிஞ்சவன் தினம் இப்படி ஓடுவானா? பாருங்க, நம்பரப் பாருங்க. எட்டு!"

லோமாக்ஸ் எழுந்தார். "நோரீன், இது உன் வேல இல்ல. வெளிய போ."

"என் வேல துணி தொவைக்கறது. தொவைச்சதாலதான் எனக்குத் தெரியும். அவன் பத்தொம்பது ஆட்டம் ஆடிட்டான். இருபதாவது ஆடிட்டா அடுத்த வருஷமும் அவன வச்சுக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. வச்சுக்க மனசில்ல. அத நேரா சொல்லத் துப்பில்லாம, கொட்டகையில தள்ளிட்டு, ஊரையெல்லாம் அவன் மேல காறித் துப்ப வச்சிருக்கீங்க!"

 ஹாலில் ஒரேயடியாகக் கூச்சல். நாற்காலிகள் உருண்டன. யாரோ மேடையைப் பார்த்துத் தொப்பியை எறிந்தார்கள். நான் டெரெக்கைத் தேடினேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் சரிசெய்து, யாரையும் இடிக்காமல் நடந்து வெளியே போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே கேவின் வந்தான். கதவைத் திறந்த வேகத்தில் அது சுவரில் மோதியது.

"உன்ன யாரு கேட்டா நோரீன்? யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"எங்கப்பா நேத்து என் வீட்டு வாசல்ல வந்து நின்னார். உள்ள வரல. 'ஊருக்கு முன்னாடி என்னைப் பொய் சொல்ல வச்சிட்டியேடா'ன்னார். போயிட்டார். போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறார். இதெல்லாம் உனக்கு எதுக்கு?"

"அவரப் பொய் சொல்ல வச்சது நானா?" எனக்கும் ஏறிவிட்டது. "பெத்த அப்பனுக்கு உண்மையச் சொல்ல உனக்கு என்னடா கேடு? அந்த மனுஷன் இருநூறு பேர் முன்னாடி தொப்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னத நீ பாக்கல. நான் பாத்தேன்."

அவன் இஸ்திரி மேஜையை ஓங்கிக் குத்தினான். அடுக்கி வைத்திருந்த காலுறைகள் சரிந்தன.

"கால் ஒடஞ்சிருக்குன்னா அதுல ஒரு மரியாத இருக்கு, புரியுதா? நாளைக்கு சரியாயிடும்னு இருக்கும். வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டாங்கன்னு அவர்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? நாப்பது வருஷமா இந்தக் கிளப்புன்னா அவருக்கு உசிரு. இவங்க என்னைக் கொட்டகையில வச்சிருக்காங்கன்னு அவர்கிட்ட போய்ச் சொல்லணுமா?"

 அவன் குனிந்து காலுறைகளைப் பொறுக்கினான். ஜோடி சேர்த்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு எனக்குக் கடிதம் வந்தது. நான்கு வரி. கிளப்பின் உள்விவகாரத்தை வெளியிட்டதால் வேலையிலிருந்து நீக்கம். இருபத்திரண்டு வருடம் வேலை செய்த அறையிலிருந்து ஒரு கெட்டிலும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த ஆட்டத்திலேயே ஊர் தலைகீழாக மாறியது. ஜனங்கள் அட்டையில் பெரிதாக 20 என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். இருபதாவது நிமிடத்தில் எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். ஆட்டக்காரர் சங்கத்திலிருந்து ஆள் வந்து பேசியபின் கேவினை மறுபடி மற்றவர்களோடு பயிற்சிக்குச் சேர்த்தார்கள். ப்ரௌஸ் அவனை மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார வைத்தார். ஒவ்வொரு வாரமும் பெஞ்ச். எழுப்பவே இல்லை.

மே மாதம் கடைசி ஆட்டம். ஆட்டத்தைச் சமனாக்கி ஒரு புள்ளி எடுத்தால்கூட நாங்கள் டிவிஷனில் தங்கலாம், தோற்றால் கீழே. நான் வாழ்க்கையில் முதல்முறையாக டிக்கெட் வாங்கிக் கிழக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். டெரெக்குக்குப் பக்கத்து இருக்கை காலி. உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"உன் மேல எனக்குக் கோபம் இருக்கு," என்றார்.

"இருக்கட்டும்."

"அவன் மேலயும் இருக்கு."

"அவனுக்கு என் மேல இருக்கு," என்றேன். "எனக்கு எல்லார் மேலயும் இருக்கு. ஆட்டத்தப் பாருங்க."

ஐம்பதாவது நிமிடத்தில் எங்கள் வலையில் கோல் விழுந்தது. ஸ்டாண்ட் முழுக்க 'ஆர்மராட், ஆர்மராட்' என்று கத்த ஆரம்பித்தது. பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடித்த ப்ரௌஸ் கடைசியில் பெஞ்சைப் பார்த்துக் கையை அசைத்தார். கேவின் எழுந்தான். அவனுக்குத் தெரியும், இதெல்லாம் அந்த இருபதில் சேராது என்று. ப்ரௌஸ் அவன் தோளில் கைபோட்டு என்னவோ சொல்லப் போனார். கேவின் தோளைக் குலுக்கி அந்தக் கையை உதறிவிட்டுக் களத்துக்குள் ஓடினான்.

எத்தனையோ வருடம் அவனை ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வழியில் நின்று அரைகுறையாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். வெறி பிடித்தவன்போல ஆடினான். முதல் பந்தை எதிராளியின் காலுக்குக் கீழேயிருந்து வழித்தெடுத்தான். இரண்டாவதை அடித்துத் தள்ளியதில் அது ப்ரௌஸின் காலடியில் இருந்த தண்ணீர்ப் பாட்டில்களைச் சிதறடித்துக்கொண்டு போனது. வேண்டுமென்றுதான் செய்தான் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"எந்தக் காலு வலிச்சுதாம் இவனுக்கு?" என்று டெரெக் பல்லைக் கடித்தார். "பாரு, ரெண்டு காலும் குதிரைக் காலு மாதிரி இருக்கு. அயோக்கியன்."

எழுபத்தொன்பதாவது நிமிடம். நடுவில் மூன்று பேர் சூழ்ந்த இடத்தில் கேவின் விழுந்து, விழுந்தபடியே பந்தைப் பிடுங்கி, இடப்பக்கம் ஓடிய சிறுவயசுக்காரனுக்குத் தள்ளினான். அங்கிருந்து கோல் முன்னால் உயர்ந்து வந்த பந்தை ஒருவன் தலையால் முட்டினான். ஒன்றுக்கு ஒன்று. ஊர் கூரையைப் பிய்த்தது. எல்லோரும் கோல் போட்டவன் மேல் விழுந்து புரண்டார்கள். கேவின் நடுக்களத்தில் இடுப்பில் கைவைத்துத் தனியே நின்றான், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்காக.

பின்னாலிருந்து ஹார்கிரீவ்ஸ் கத்தினான். "ஆர்மராட்! எங்க ஊரு புள்ளடா! நான்தான் அப்பவே சொன்னேனே!"

டெரெக் எழுந்து முழுசாகப் பின்னால் திரும்பினார். "என்ன சொன்ன? சொல்லு, எப்ப என்ன சொன்ன? சோபாவுல படுத்திருக்கான்னு சொன்ன. சூப்பர் மார்க்கெட்னு சொல்லிச் சிரிச்ச. இப்ப ஒங்க ஊரு புள்ளையா? வாய மூடு. என் பையன் பேர் உன் வாயில இன்னொரு தடவ வந்துச்சுன்னா, உன் வேனு இங்கேருந்து திரும்பிப் போகும், நீ போக மாட்ட!"

ஹார்கிரீவ்ஸ் உட்கார்ந்துவிட்டான். மீதி ஆட்டம் முழுக்க அவன் குரலே வரவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கொன்றாகவே முடிந்தது. நாங்கள் தப்பித்தோம். ஜனங்கள் களத்துக்குள் இறங்கினார்கள், கேவினைத் தூக்கப் பார்த்தார்கள். அவன் ஒவ்வொரு கையாகப் பிரித்து எடுத்துவிட்டு உள்ளே போனான். டெரெக் நகராமல் உட்கார்ந்திருந்தார், ரேடியோ காதில். திடீரென்று அதைக் கழற்றி, சத்தத்தைக் கூட்டி, எங்கள் இருவருக்கும் நடுவே பிடித்தார். நிருபர் கேவினிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

"என் கால் நல்லா இருக்கு," என்றது கேவினின் குரல். மூச்சு இன்னும் வாங்கியது. "ஜனவரிலேருந்து நல்லாத்தான் இருந்துச்சு. கிளப்பு பொய் சொன்னுச்சு. நானும் எங்கப்பாகிட்ட பொய் சொன்னேன். அதுல அவருக்குப் பங்கு கிடையாது. உண்மையச் சொன்னது துணி தொவைக்கற நோரீன் மட்டும்தான். அவங்க வேலையப் பறிச்சுட்டாங்க. இதுக்கு மேல கேக்காதீங்க."

டெரெக் ரேடியோவை அணைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டுவிட்டார். "இத முதல்லயே என் வீட்டு அடுப்படியில நின்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அப்புறம் என்னைக் கேட்டார், "டீ குடிக்கறியா?"

ஜூன் மாதம் கேவினின் ஒப்பந்தம் முடிந்தது. யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. அவன் ஏழு மைல் தள்ளி, வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை ஆடுகிற ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்தான். வார நாட்களில், வீடுகளுக்கு வெந்நீர் தருகிற கொதிகலன்களைப் பழுதுபார்க்கிற வேலை கற்றுக்கொண்டான். அப்பாவும் மகனும் சரியாகப் பேச இலையுதிர் காலம் ஆயிற்று. டெரெக் தன் நாற்பது வருட இருக்கையை விட்டுவிட்டு, அந்தச் சின்ன மைதானத்தின் வேலியோரம் நின்று கத்த ஆரம்பித்தார். எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இடம் கிடைத்தது. ப்ரௌஸுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒரு டிவிஷன் மேலே, பெரிய கிளப். டிவியில் பார்த்தேன், அதே சிரிப்பு.

மூன்று வருடம் கழித்து கேவின் என் வீட்டுக்கு வந்தான். எங்கள் அடுப்படிக் கொதிகலனைப் பார்க்கத்தான் வந்தான். வேலை முடித்து, கையைக் கழுவிவிட்டு, பையிலிருந்து தடித்த ஒரு உறையை எடுத்து என்னிடம் நீட்டினான். ஹார்ல்ஷா டவுனிலிருந்து. பழைய கேப்டன்களைக் கௌரவிக்கிற விருந்து. அவன் படத்தை நுழைவாயிலில் மாட்டப்போகிறார்களாம். லோமாக்ஸ் கையெழுத்து.

"அப்பா என்ன சொல்றார்?"

"உன் இஷ்டம்னுட்டார். ஆனா கோட்ட எடுத்து பிரஷ் போட்டு வச்சிருக்கார்."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு இன்னும் கோபம் போகல நோரீன். போயிருக்கணும்ல? மூணு வருஷம் ஆச்சு."

"எனக்கும்தான் போகல," என்றேன். "உன்ன மட்டுமா கூப்பிட்டிருக்காங்க?"

"உன் பேரு இல்ல. முதல்ல அதத்தான் தேடினேன்."

அவன் என்னிடம் பேனா கேட்டு வாங்கி, அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே எழுதினான். எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துபோல அழுத்தமாக இருந்தது. நோரீன் டாட்டர்சாலை நீக்கியது தவறு என்று கிளப் எழுத்தில் ஒத்துக்கொண்டால் வருகிறேன், இல்லையென்றால் என் படத்தை மாட்ட வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். தபால் தலை என்னிடம் இருந்தது. தெருமுனைத் தபால் பெட்டி வரை இரண்டு பேருமாக நடந்துபோய்ப் போட்டோம்.

பதில் வரவில்லை. படமும் மாட்டவில்லை. டெரெக் கோட்டை மறுபடி அலமாரியில் தொங்கவிட்டார் என்று கேவின் சொன்னான். அதற்காக அவர் அவனை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லையாம்.